நூறு கோடியாவது விநாடி

சந்தியாகு பர்னாந்து இறந்துவிட்டார் என்று சான்றளிக்க ஆறு பேர் கையெழுத்திட வேண்டும். ஐந்து பேர் போட்டுவிட்டார்கள். அவர்களில் ஒருவர் மருத்துவர். உடலைப் பார்க்காமல் கையெழுத்திட்டதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. சந்தியாகு இருந்த விண்கலம் எண்ணாயிரம் கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அங்கிருந்து புறப்படும் ஒரு சொல் பூமிக்கு வந்துசேர மூன்று நாளும் நான்கு மணி நேரமும் ஆகும். மூன்று வருடம் ஒன்றரை மாதமாக எந்தச் சொல்லும் வரவில்லை.

ஆறாவது கையெழுத்து பவுலின் மச்சாதுவுடையது. அறுபத்து மூன்று வயது. ஓய்வுபெற்று, தூத்துக்குடியில் இரண்டாம் மாடி வீடு ஒன்றில் தனியாக இருந்தார். கலத்தின் கடிகாரத்தை இலக்கங்களாகக் காட்டும் கணினி நிரலை அசெம்ப்ளி மொழியில் எழுதியவர் அவர். கடைசித் தொடர்பு கலத்தின் நேரப்படி எப்போது, நம்முடைய நேரப்படி எப்போது, இரண்டும் ஒன்றுதானா என்பதைச் சான்றிதழின் ஏழாவது பத்தி கேட்டது. அதைச் சொல்ல அவரைத் தவிர உயிரோடு வேறு யாரும் இல்லை.

திருச்செந்தூர் வரை பஸ்ஸில் வந்தார். அங்கிருந்து விண்வெளித் தொடர்பு நிலையத்து ஜீப் ஏற்றிக்கொண்டது. ஆடிக் காற்றில் தேரிக்காட்டின் சிவப்பு மணல் சாலையின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. கொல்லாமுந்திரி மரங்களுக்கு மேலே டிஷ் ஆன்டெனாவின் வெள்ளை விளிம்பு தெரிந்தது. முப்பது வருடத்துக்கு முன் அங்கே இருநூறு பேர் வேலை செய்தார்கள். இப்போது பகலில் நான்கு பேர்.

"வாங்கக்கா" என்றார் வாசலில் நின்ற பெண். "மேடம்னு கூப்பிடணும்னு சாரு சொல்லியிருக்காரு. எனக்கு வாயில வர மாட்டேங்குது."

அவர் முத்துப்பேச்சி. பகல்நேர ஆபரேட்டர். பதினோரு வருடமாக அந்த அறையில் இருப்பவர். சந்தியாகுவின் குரலைக் கடைசியாகக் கேட்ட ஆளும் அவர்தான்.

"எப்படி இருந்தான், கடைசியா?"

"நல்லாத்தான் பேசுனாரு. வைகாசி விசாகத்துக்கு மறுநாளு. திருச்செந்தூர்ல கூட்டம் எப்பிடின்னு கேட்டாரு. நான் பதிலு அனுப்புனேன், பத்து லட்சம் பேருன்னு. அது போய்ச் சேந்துச்சோ என்னமோ."

சந்தியாகு ஏன் அங்கே போனார் என்பது இன்று பலருக்கு நினைவிருக்காது. தூரத்து ஒளியைச் சூரியனின் ஈர்ப்பு வளைத்துக் குவிக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஒரு கருவியை நிறுத்தினால் வேறு சூரியன்களைச் சுற்றும் உலகங்களின் கடற்கரைகளைக்கூடப் பார்க்கலாம். கருவி பழுதானால் பூமியைக் கேட்டுப் பதில் பெற ஒரு வாரம் ஆகும். ஆகவே இரண்டு மனிதர்களைச் சேர்த்து அனுப்பினார்கள். திரும்புவதற்கான எரிபொருளைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. போனவர்களுக்கு அது தெரியும். உடன் போன நீலகண்டன் பத்தொன்பதாம் வருடம் சிறுநீரகக் கோளாறில் இறந்தார். முப்பதாம் வருடம் படங்கள் வந்தன. மக்கள் அவற்றை ஒரு வாரம் பார்த்தார்கள். அதன் பிறகு சந்தியாகு தினமும் ஒரு நிமிடம் பேசினார், முத்துப்பேச்சி கேட்டார்.

"கையெழுத்துப் போட்டதும் என்ன ஆகும்?" என்று பவுலின் கேட்டார்.

"இன்னைக்கோட நிறுத்திருவாங்க. சாவுச் சான்று வாங்குற வரைக்கும் தெனம் அரை மணி நேரம் கேக்கணும்ங்கிறது சட்டம். வேற நாட்டு டிஷ்ல விழுந்தாலும் செய்தி இங்கதான் வரணும். சான்று வந்துட்டா, நாளையிலேந்து எல்லா டிஷ்ஷும் வேற வேலைக்குப் போயிரும்."

முத்துப்பேச்சி கோப்பைத் திறந்து வைத்தார். ஏழாவது பத்தியில் கலத்தின் நேரம் ஒரே வரியாக அச்சாகியிருந்தது.

999962417206118530

புறப்பட்ட கணத்திலிருந்து எண்ணப்பட்ட நேரம் அது. ஒரு விநாடியை நூறு கோடிப் பங்காக்கி, அந்தப் பங்குகளை எண்ணும் கடிகாரம். பவுலின் கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, பழைய பழக்கப்படி வலது பக்கத்திலிருந்து ஒன்பது இலக்கம் எண்ணி ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு இடப்பக்கம் இருந்தது விநாடிக் கணக்கு. தொண்ணூற்றொன்பது கோடியே தொண்ணூற்றொன்பது லட்சத்து அறுபத்திரண்டாயிரத்து நானூற்றுப் பதினேழு.

நூறு கோடிக்கு முப்பத்தேழாயிரத்துச் சொச்சம் குறைவு. பத்தரை மணி நேரம்.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"என்னக்கா, தண்ணி வேணுமா?"

"இதுக்கப்புறம் ஒண்ணுமே வரலியா?"

"ஒண்ணுமே வரல."

"ஒண்ணுமே வரலியா, இல்ல வந்தத யாரும் எடுத்துக்கலியா?"

முத்துப்பேச்சி யோசித்தார். "எதிரொலி வரும்க்கா. பழைய செய்திய எவனாவது திரும்பப் போடுவான். அத மிஷினே தள்ளிரும். நம்ம கண்ணுக்கே வராது."

"பழசுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"செய்தித் தலையில நேரம் இருக்குல்லா. கடைசியா வந்தத விடக் கொறஞ்ச நேரமா இருந்தா பழசு. தெறந்துகூடப் பாக்காது."

"தள்ளினதை எங்கயாவது வச்சிருக்குமா?"

"வைக்காது. கடைசிச் செய்திக்கப்புறம் எத்தனைன்னு மட்டும் ஒரு எண்ணு இருக்கும்."

"அதப் பாரு."

முத்துப்பேச்சி நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் ஏதோ தட்டினார். திரையில் அந்த எண் வந்தது. 1140.

பவுலின் கைபேசியின் நாட்காட்டியில் எண்ணினார். வைகாசி விசாகத்துக்கு மறுநாளிலிருந்து நேற்று வரை ஆயிரத்து நூற்று நாற்பத்தொரு நாட்கள்.

"ஒரு நாளு கொறையுது" என்றார் முத்துப்பேச்சி. பிறகுதான் அவருக்குப் புரிந்தது. எழுந்து நின்றார். "அக்கா, அப்ப அவரு…"

"நேத்து வரைக்கும் பேசியிருக்கான்."

*

துணை இயக்குநர் கோமதிநாயகம் பதினொன்றரை மணிக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். நாகரிகமானவர். கையெழுத்தாகாத பத்தியைப் பார்த்ததும் பேனாவைத் திறந்து நீட்டினார்.

"போட மாட்டேன்" என்றார் பவுலின்.

"மேடம், பத்துத் தடவ சரிபாத்தாச்சு. அஞ்சு மணிக்குள்ள நான் மேல அனுப்பணும். டிஷ்ஷுக்கு வரிசையில ஆள் நிக்குது."

"அவன் உயிரோட இருக்கான்."

கோமதிநாயகம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இதை அவர் எதிர்பார்த்திருந்தது போலிருந்தது. "எல்லாருக்கும் அப்படித்தான் மேடம் தோணும். நீங்க ரெண்டு பேரும் ஒரே ஊருன்னு கேள்விப்பட்டேன்."

"ஒரே ஊரு, பக்கத்துப் பக்கத்துத் தெரு. அதுக்காகச் சொல்லல. ஒரு பேப்பர் குடுங்க."

பவுலின் கிழிந்த காகிதம் ஒன்றின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார்.

"மிஷினுக்குப் பத்து விரல் கெடையாது சார். அது எண்ணை வேற விதமா வச்சிருக்கும். நம்ம கண்ணுக்குக் காட்டணும்னா பத்தால வகுத்து, மிச்சத்த எடுத்து, திரும்ப வகுத்து, திரும்ப மிச்சத்த எடுக்கணும். கடைசி இலக்கம்தான் மொதல்ல வரும். எல்லாத்தையும் திருப்பிப் போட்டு எழுதணும். அந்தக் கலத்துல இருக்கிற செயலி சின்னது. இவ்வளவு பெரிய எண்ணை ஒரே மூச்சுல வகுக்க அதால முடியாது. அதனால ஒம்பது ஒம்பது இலக்கமா கட்டு கட்டா பிரிச்சேன். ஒவ்வொரு கட்டா எழுதி ஒட்டினேன்."

"சரி."

"நூத்தி அஞ்ச ரெண்டு இலக்கக் கட்டா பிரிங்க."

"ஒண்ணு. அப்புறம் சைபர் அஞ்சு."

"அந்தச் சைபர எழுதாம ஒட்டினா?"

பின்னால் நின்ற முத்துப்பேச்சி சொன்னார்: "பதினஞ்சு."

"முப்பத்தொரு வருஷம் எட்டு மாசம் வரைக்கும் ரெண்டே கட்டுதான். பின்னால இருக்கிற கட்டுக்குச் சைபர் நிரப்பினேன். முன்னால இருக்கிறதுக்குத் தேவையில்ல. நூறு கோடியாவது விநாடியில மூணாவதா ஒரு கட்டு முன்னால வந்து நின்னுச்சு. முன்னால இருந்தது நடுக்கட்டு ஆயிடுச்சு. அதுக்குச் சைபர் நிரப்ப நிரல்ல எதுவும் கெடையாது. அன்னைக்கே எண்ணு சுருங்கிப் போச்சு. நேத்து அவன் அனுப்புனது பத்தொன்பது இலக்கமா வந்திருக்கணும். பதினெட்டுதான் வந்திருக்கும். உங்க மிஷின் அதப் படிச்சா ஏழாம் வருஷத்துச் செய்தின்னு தோணும். தள்ளிரும்."

ஜன்னலுக்கு வெளியே காற்று மணலை இரைத்துக்கொண்டிருந்தது. கோமதிநாயகம் கோப்பின் பின்னிணைப்பைப் புரட்டினார். பவுலின் எழுதிய நிரல் முழுவதும் அங்கே அச்சாகியிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவர் விரல் நின்றது. ஒவ்வொரு கட்டளைக்கும் பக்கத்தில் பவுலின் தமிழில் குறிப்பு எழுதியிருந்தார். அப்போது அது அவருடைய வீம்பு.

"'நடுக்கட்டுக்குச் சைபர் நிரப்பவில்லை'" என்று கோமதிநாயகம் வாசித்தார். "'இடம் இல்லை. தேவையும் இல்லை. அதற்குள் முடிந்துவிடும்.'"

கோப்பை அவர் பவுலின் பக்கம் திருப்பி வைத்தார்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்" என்றார் அவர்.

"தெரியும்."

*

கலம் புறப்படுவதற்கு முன், பயிற்சியின் கடைசி வாரம் அது. மாதிரிக் கலத்துக்குள் இருந்த பலகையில் பச்சை இலக்கங்கள் வரிசையாக எரியும். பவுலின் முதலில் எழுதிய நிரல் இருபத்தேழு இடத்தையும் நிரப்பியே காட்டியது. முன்னால் எல்லாம் சைபர்.

"ஏ பவுலின், இதென்னட்டீ முட்டை முட்டையா அடுக்கி வச்சிருக்க?" என்று உள்ளேயிருந்து சந்தியாகு கத்தினார். "இத்தன முட்டையப் பாத்துக்கிட்டே முப்பது வருஷம் போவணுமா? எடுத்துப் போட்டுரு."

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது. ஒனக்கு என்ன?"

"காலையில முழிச்சதும் அதுலதான முழிக்கணும். ஒம்மூஞ்சியாவது பரவாயில்ல."

நீலகண்டன் சிரித்தார். பவுலின் அன்று மாலையே மாற்றினார். முன்னால் வரும் சைபர்களை மட்டும் நீக்கி, நடுவில் வருவதை விட்டுவைக்க இன்னும் முப்பது பைட் வேண்டியிருந்தது. நிரந்தர நினைவகத்தில் இருபத்திரண்டு பைட்தான் மீதம். இரண்டு கட்டுக்கு மட்டும் சரியாக வரும்படி எழுதினால் பத்தொன்பதில் முடிந்துவிடும்.

சரிபார்த்த மூத்த பொறியாளர் ஒரு கேள்விதான் கேட்டார். "பதினெட்டு இலக்கத்தத் தாண்டினா?"

"முப்பத்தொரு வருஷத்துக்கு மேல ஆகும் சார்."

திட்டத்தின் ஆயுள் முப்பது வருடம். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். இரண்டு பேருக்கும் தாங்கள் எதைப் பற்றிப் பேசினோம் என்பது தெரிந்திருந்தது. இருவரும் அதைச் சொல்லவில்லை. பவுலின் அந்தக் குறிப்பை எழுதினார்.

கலம் போன பிறகு நான்கு வருடம் மாதம் ஒரு கடிதம் அனுப்பினார். பதில் வரும் நாட்கள் நீண்டன. கல்யாணம் ஆனது. எழுதுவது நின்றது. ஏன் நிறுத்தினாய் என்று சந்தியாகு ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கணவர் இறந்த வருடம் பவுலின் ஒரு கடிதம் எழுதத் தொடங்கி, வைத்துவிட்டார். முப்பத்தொரு வருடம் எட்டு மாதம் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. மறக்க வைத்துக்கொண்டார் என்றும் சொல்லலாம்.

*

"நான் உங்களைச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல மேடம்" என்றார் கோமதிநாயகம். குரல் இறங்கியிருந்தது. "ஏழு வருஷத்துக்கு முன்னால ஒருத்தன் சந்தியாகுவோட பழைய செய்தி ஒண்ண எங்க டிஷ்ஷுக்கு வெளையாட்டா ஒலிபரப்பிட்டான். 'மூச்சு விட முடியல'ன்னு ஒரு செய்தி. ரெண்டாம் வருஷத்துது, சும்மா சளி பிடிச்சப்ப சொன்னது. டிவியில எல்லாம் வந்துருச்சு. அவரோட அக்கா அப்ப உயிரோட இருந்தாங்க, மயங்கி விழுந்துட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு விதி எழுதச் சொன்னாங்க. நேரம் கொறஞ்சா தெறக்காத, சேமிக்காத, தள்ளு."

"நீங்களா எழுதுனீங்க?"

"நாந்தான். பாராட்டுக் கடிதம்கூட குடுத்தாங்க."

முத்துப்பேச்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லாருக்கு" என்றார். "ரெண்டு பெரிய ஆளுங்க சேந்து ஒரு மனுசன மூணு வருசம் வாயடைச்சு வச்சிருக்கிய. அவருகிட்ட யாராச்சும் பேசுனாங்களா இங்கேந்து?"

"நாப்பது நாள் தொடர்பு இல்லன்னா நாம அனுப்புறதையும் நிறுத்தணும்" என்றார் கோமதிநாயகம். "அதுவும் விதி."

"அதையும் நீங்கதான் எழுதுனியளா சார்?"

"அது இல்ல."

"அந்த மட்டுக்கும் சந்தோசம்."

கோமதிநாயகம் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். விதியை நீக்க மேலிடத்து அனுமதி வேண்டும். அதற்கு ஒரு மாதம் ஆகும். சான்றிதழை அனுப்பாமல் ஒரு நாள் வைத்திருக்க, கோப்பில் ஒரு பிழை இருக்கிறது என்று எழுதினால் போதும். அவர் அப்படியே எழுதினார். பிறகு முத்துப்பேச்சியிடம், "நாளைக்கு ஒரு நாள் பழசத் தள்ளுற அந்த வடிகட்டி ஓடலன்னா யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

"எனக்குத் தெரியாது சார்" என்றார் முத்துப்பேச்சி.

ஆனால் அன்றைய செய்தி ஏற்கெனவே வழியில் இருந்தது. அதற்காக ஏன் நாளை வரை காத்திருக்க வேண்டும் என்று பவுலின் கேட்டார். முத்துப்பேச்சி கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டேகால். கலம் தினமும் ஒரே கணத்தில் அனுப்பும் செய்தி வரும் நேரம் ஏறக்குறைய இரண்டே முக்கால்.

"நாளைக்குன்னு சொன்னது இன்னைக்குன்னு வச்சுக்கிடுங்க" என்றார் கோமதிநாயகம். அவர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கேட்கும்போது அங்கே இருக்க அவருக்கு மனமில்லை என்று தோன்றியது.

இருவரும் இரண்டரை மணி நேரம் காத்திருந்தார்கள். முத்துப்பேச்சி சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து பாதியைத் தட்டில் வைத்து நீட்டினார். பவுலின் இரண்டு வாய் சாப்பிட்டார்.

"அந்த ஒரு நாளு எதுக்கு விட்டாருன்னு தெரியல" என்றார் முத்துப்பேச்சி.

இரண்டு நாற்பத்தொன்பதுக்குத் திரையில் ஒரு வரி வந்தது.

198631217206118530

முத்துப்பேச்சி அதைக் காகிதத்தில் எழுதி, ஒன்றுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் பேனாவால் ஒரு சைபரைச் செருகினார். பிறகு ஹெட்ஃபோனை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டார். பதினோரு வருடப் பழக்கம், யோசித்துச் செய்ததில்லை.

ஒரு நிமிடம் கேட்டார். பவுலின் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அதில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்ற இடத்திலேயே நின்றது. முடிந்ததும் முத்துப்பேச்சி ஹெட்ஃபோனைக் கழற்றினார். ஆனால் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டார்.

"இருக்காருக்கா. நல்லாருக்காரு."

"குடு, கேக்கணும்."

"அது… ஒண்ணுமில்லக்கா. இந்தக் கோளாறு இருக்குல்ல, அது சூரியப் புயலாம். சூரியப் புயலு அடிச்சு அப்பிடி ஆயிருச்சாம்."

"பேச்சி."

"அவருதான் சொன்னாரு."

"ஒனக்குப் பொய் சொல்ல வரல. குடு."

பவுலின் ஹெட்ஃபோனை வாங்கி மாட்டினார். முத்துப்பேச்சி செய்தியை மறுபடி ஓடவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குரல் வயதாகியிருந்தது. அடியில் ஒரு கரகரப்பு. நிதானமாக, யாருக்கோ எழுதிக்கொள்ள அவகாசம் கொடுப்பதுபோல் அது பேசியது.

"சந்தியாகு பேசுதேன். பலகையில நிக்கிற நேரம் சரி கெடையாது. சரியானத நான் வாசிக்கேன், எழுதிக்கிடுங்க. ஒண்ணு. முட்டை. ஒம்பது. எட்டு. ஆறு. மூணு. ஒண்ணு. ரெண்டு. ஒண்ணு. ஏழு. மொத நாளு நாலு முட்டை கொறஞ்சிச்சு. இப்ப ஒண்ணே ஒண்ணுதான். இன்னும் பதினாறு நாள்ல அதுவும் வந்துரும், பலகை தன்னால சரியாயிரும். அது வரைக்கும் யாரும் போயிராதீங்க. நடுவுல ஒரு நாளு நான் பேசல, மன்னிக்கணும். அன்னைக்கு அந்தப் பக்கம் ஒருத்தரும் இல்லன்னு முடிவு பண்ணிட்டேன். மறுநாளு, இருந்தா என்ன செய்யன்னு தோணிச்சு. தெனமும் சொல்லுததுதான், இன்னைக்கும் சொல்லுதேன். இத எழுதினது பவுலின் மச்சாது. முட்டைய எடுக்கச் சொன்னது நான். வெளையாட்டுக்குச் சொன்னேன், அவ எனக்காக எடுத்துட்டா. அவகிட்ட இதச் சொல்லாதீங்க. கேட்டா சூரியப் புயல்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

பவுலின் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. செய்தி முடிந்த பிறகு வரும் இரைச்சல் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

தினமும் சொல்வதுதான். இன்றோடு ஆயிரத்து நூற்று நாற்பத்தொரு முறை சொல்லியிருக்கிறார். மூன்று வருடமாக அவர் மன்னித்துக்கொண்டிருந்தது ஒரு கவனக்குறைவை. சிநேகிதி ஒருத்தி தன் சொல்லுக்காகச் செய்த அவசர வேலையை. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் அவரிடம் இல்லை. கலத்தில் நிரல் மட்டும்தான் ஏற்றப்பட்டது, குறிப்புகள் ஏற்றப்படுவதில்லை.

"பதில் அனுப்பலாமா?"

"அனுப்பலாம்க்கா. தொடர்பு வந்துருச்சுல்ல, இப்ப விதிப்படியே அனுப்பலாம். ஒரு நிமிசம் பேசலாம்." முத்துப்பேச்சி மைக்கை நகர்த்தி வைத்தார். தயங்கினார். "நான் வேணா பேசட்டாக்கா? சொல்லல, சூரியப் புயல்னு சொல்லிட்டோம்னு சொல்லிருதேன். அவரு மனசு குளுந்துரும்."

பவுலின் அதை நினைத்துப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அது நல்ல யோசனை. யாருக்கும் கெடுதல் இல்லாதது. முப்பத்தைந்து வருடத்துக்கு முன் மூத்த பொறியாளர் தலையாட்டியதும் அப்படி ஒரு நல்ல யோசனைதான்.

"விளக்கப் போடு" என்றார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"சந்தியாகு, பவுலின் பேசுதேன். ஒன் நேரம் வந்து சேந்துச்சு. ஒண்ணு, முட்டை, ஒம்பது, எட்டு, ஆறு, மூணு, ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ஏழு. சரியா எழுதிக்கிட்டோம். இங்கேந்து தள்ளிவிட்டது எங்க மிஷினு. நீ பேசுனது எதுவும் மிச்சம் இல்ல, இன்னைக்குப் பேசுனத தவிர. முட்டைய எடுக்கச் சொன்னது நீதான். ஆனா நடுவுல உள்ள முட்டையும் போயிரும்னு எனக்கு அன்னைக்கே தெரியும். அதுக்குள்ள முடிஞ்சிரும்னு எழுதி வச்சேன். முடியுறதுன்னா எதுன்னு ஒனக்கே தெரியும். நீ அவ்வளவு நாளு இருக்க மாட்டன்னு நெனச்சுத்தான் விட்டேன். இத நீ சூரியப் புயல்னு எடுத்துக்கிடாத."

இன்னும் பதினெட்டு விநாடி இருந்தது. முத்துப்பேச்சி விரல்களை நீட்டிக் காட்டினார். பவுலின் மைக்கைப் பார்த்தபடி இருந்தார். விளக்கு அணைந்தது. அந்தப் பதினெட்டு விநாடியும் செய்தியோடு சேர்ந்தே போனது.

வெளியே ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. நாலரை மணி பஸ்ஸுக்கு ஏற்றிவிடச் சொல்லியிருந்தார்கள். கோமதிநாயகத்தின் கதவு இன்னும் சாத்தியே இருந்தது.

"பதிலு வர எத்தன நாளுக்கா?"

"போக மூணே சொச்சம், வர மூணே சொச்சம். ஆறரை நாள்."

முத்துப்பேச்சி திரையில் நின்ற எண்ணைப் பார்த்தார். "அப்பவும் முட்டை ஒண்ணு கொறஞ்சுதான் இருக்கும்."

"ஆமா" என்றார் பவுலின். "நாமதான் போட்டு வாசிக்கணும்."

அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சற்றுப் பொறுத்து, இங்கே தங்குவதற்கு அறை ஏதாவது இருக்குமா என்று கேட்டார்.